கிணறு இறங்கமுன் காஸ் மீற்றர்: டேட்டா பதிவு அமைக்கிறதும், ஒட்சிசன் 20.1 எண்டால் என்ன எண்டதும்

கிளிப்பக்கம் எழுதியது:

வணக்கம் உறவுகளே. கிணறு கலக்கி இறைக்கிற, கக்கூஸ் குழி துப்புரவு செய்யிற ஐஞ்சு பேர் கொண்ட குழு. பம்ப் உள்ளுக்கே பூட்டின நாலு வாயுக் காஸ் மீற்றர் ஒண்டு பாவிக்கிறம். ஒட்சிசன், காபனோரொட்சைட்டு, ஐதரசன் சல்பைட்டு, எரியும் வாயு, இந்த நாலும் காட்டும். 12 மீற்றர் குழாய் இருக்கு. டேட்டா பதிவு கடையிலை தந்த மாதிரியே கிடக்கு: 60 செக்கனுக்கு ஒரு வரி, சராசரி.

பரந்தன் பக்கத்துக் கிணறு ஒண்டு. 32 அடி ஆழம், 10 அடி அகலம். தண்ணியை இறைச்சுப்போட்டுக் குழாயை இறக்கி ஏத்தினது. பம்ப் மெசின் கிணத்துக் கட்டோடை ஓடிக்கொண்டிருந்தது. பைல் இப்பிடி வந்திருக்கு (ஒட்சிசன் வீதத்திலை, காபனோரொட்சைட்டு பிபிஎம்மிலை, அதாவது பத்து லட்சத்திலை எத்தினை பங்கு எண்டது):

05:10 – ஒட்சிசன் 20.9, காபனோரொட்சைட்டு 0
05:11 – 20.7, 0
05:12 – 20.4, 0
05:13 – 20.1, 3
05:14 – 20.1, 6
05:15 – 20.6, 2

மற்ற ரெண்டும் கடைசி மட்டும் 0. அலாரம் ஒருக்காலும் அடிக்கேல்லை.

கேள்வி மூண்டு. வேலை தொடங்கினது காலமை 10.40க்கு, பைலிலை 05:10 எண்டு கிடக்கு, ஏன்? பதிவு இடைவெளியை எவ்வளவுக்கு மாத்தலாம்? மூண்டாவதுதான் முக்கியம்: ஒட்சிசன் அலாரம் 19.5இலை. 20.1 காட்டினால் ஆளை இறக்கலாமோ?

மாங்குளத்தான் எழுதியது:

நேரத்திலை இருந்து தொடங்குவம். 10.40க்கும் 05:10க்கும் வித்தியாசம் சரியா ஐஞ்சரை மணித்தியாலம். மீற்றரிலை பிழை இல்லை, அதைக் கொழுவின கொம்பியூட்டரின்ரை நேர வலயம் கிறீன்விச்சிலை நிக்குது. மென்பொருள் ஒவ்வொரு முறையும் கொம்பியூட்டர் நேரத்தை மீற்றருக்குள்ளை எழுதிவிடும். மீற்றரிலை கையாலை திருத்தினால் அடுத்த முறை கொழுவேக்கை திரும்பவும் பழையபடி ஆகும். முதல் கொம்பியூட்டரைக் கொழும்பு நேரத்துக்கு மாத்துங்கோ, பிறகு கொழுவி நேரத்தை ஒத்தாக்குங்கோ. இன்னொண்டு: பற்றரி முழுக்க இறங்கினால் சில மீற்றரிலை நேரம் அழிஞ்சுபோகும். நீண்ட நாள் கிடந்த மீற்றரை எடுத்தால் முதல் வேலை திகதி பாக்கிறது.

இடைவெளியை விட முக்கியம், அந்த வரியிலை என்ன எழுதுப்படுது எண்டது. 60 செக்கன் சராசரி எண்டு வைச்சால் ஐதரசன் சல்பைட்டு 15 செக்கனுக்கு 40 பிபிஎம் வந்து போனாலும் பைலிலை 10 எண்டுதான் விழும். சேத்தைக் கிண்டேக்கை வாயு அப்பிடித்தான் வரும், ஒரு குமிழா எழும்பி அடங்கும். ஆனபடியால் சராசரியை விட்டு உச்சப் பதிவுக்கு மாத்துங்கோ. நச்சு வாயுவுக்கு அந்த இடைவெளியிலை வந்த ஆகக் கூடினது, ஒட்சிசனுக்கு ஆகக் குறைஞ்சது. சில மொடலிலை உச்சம் எண்டு போட்டால் ஒட்சிசனுக்கும் கூடினதையே எழுதி வைக்கும், அது உதவாது. பரிசோதிக்க லேசான வழி: குழாய் நுனியிலை ஐஞ்சாறு தரம் மூச்சை விடுங்கோ. வெளிவிடுற மூச்சிலை ஒட்சிசன் 16, 17 வீதம்தான். பைலை இறக்கிப் பாக்க அந்தக் குறைவு தெரிஞ்சால் சரி.

இடைவெளி 10 செக்கன் போதும். எட்டு மணித்தியாலத்துக்கு 2,880 வரி. நினைவகம் நிரம்பினால் பழசை அழிச்சு எழுதிற மாதிரி வையுங்கோ. நிரம்பினதும் நிப்பாட்டு எண்டு இருந்தால் முக்கியமான நாளிலை பதிவே இராது.

இப்ப உங்கட பைலைப் பாருங்கோ. ஆறு வரி, ஆறு நிமிசம். 32 அடியை ஆறு நிமிசத்துக்குள்ளை இறக்கி ஏத்தியாச்சு. அது காணாது. குழாய்க்குள்ளாலை காத்து வர ஒரு மீற்றர் நீளத்துக்கு 3 செக்கன் எண்டு கணக்கு வைக்கலாம், 12 மீற்றருக்கு 36 செக்கன். அதுக்கு மேலை உணரி முழு அளவைக் காட்ட 15 தொடக்கம் 30 செக்கன். எண்டால் திரையிலை தெரியிறது ஏறக்குறைய ஒரு நிமிசத்துக்கு முந்தின காத்து. ஓடிக்கொண்டே இறக்கினால் எந்த ஆழத்தின்ரை இலக்கம் எது எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. அந்த 20.1 உண்மையான அடிமட்ட அளவாவும் இருக்காது, கலந்த காத்தின்ரை சராசரி.

குழாயிலை 4 அடிக்கு ஒருக்கா இன்சுலேசன் ரேப் சுத்துங்கோ. ஒவ்வொரு அடையாளத்திலும் ரெண்டு நிமிசம் நிப்பாட்டுங்கோ. 32 அடிக்கு எட்டு நிறுத்தம், 16 நிமிசம். ஒருத்தர் பேப்பரிலை எழுத வேணும்: மீற்றரிலை தெரியிற நேரம் (கைத்தொலைபேசி நேரம் இல்லை), ஆழம், மெசின் ஓடுதோ இல்லையோ, காத்து எந்தப் பக்கம். இந்தப் பேப்பர் இல்லாத பைல் வெறும் இலக்கம்தான், ஒரு மாதம் கழிச்சு ஒருத்தராலும் வாசிக்கேலாது.

நெடுங்கேணி எழுதியது:

மூண்டாவது கேள்விக்கு என்ரை பதில்: இறக்கக் கூடாது. காரணத்தைக் கணக்கோடை சொல்லுறன்.

நாலு வாயு மீற்றர் காபனீரொட்சைட்டைப் பாக்காது. பேர் கிட்டத்தட்ட ஒண்டா இருக்கிறதாலை கனபேர் மாறி விளங்கி வைச்சிருக்கினம். காபனோரொட்சைட்டு மெசின் புகையிலை வாறது. காபனீரொட்சைட்டு மண்ணிலை வேரும் நுண்ணுயிரும் மூச்சு விட வாறது, உக்கின இலை சருகிலை வாறது. காத்தை விட ஒண்டரை மடங்கு பாரம். ஆழமான, ஒடுங்கின, கன நாள் மூடிக்கிடந்த கிணத்திலை அடியிலை போய்ப் படுக்கும். மீற்றரிலை அது தெரியிற ஒரே அடையாளம் ஒட்சிசன் கொஞ்சம் இறங்கிறது.

20.9 இருந்த இடத்திலை 20.1. குறைவு 0.8. இது ரெண்டு விதமா வரலாம். மண் ஒட்சிசனை உறிஞ்சி ஏறக்குறைய அதேயளவு காபனீரொட்சைட்டை விட்டிருந்தால் அது 0.8 வீதம், 8,000 பிபிஎம். எட்டு மணி நேர வேலைக்குப் பொதுவாச் சொல்லுற எல்லை 5,000. அதைத் தாண்டியாச்சு. மற்ற விதம், வெளியிலை இருந்து வந்த வாயு காத்தைத் தள்ளிப்போட்டு இடத்தைப் பிடிச்சிருந்தால்: 0.8ஐ 20.9ஆலை பிரியுங்கோ, 3.8 வீதம் வரும். 38,000 பிபிஎம். உடனடியா உயிராபத்து எண்டு வைச்சிருக்கிற எல்லை 40,000. அலாரம் அடிக்காமலே அந்த வாசலிலை நிக்கலாம். உண்மை இந்த ரெண்டுக்கும் நடுவிலை எங்கையோ, எங்கை எண்டு இந்த மீற்றராலை சொல்லேலாது.

ஈரப்பதன் எண்டு ஆரும் சொல்லுவினம். கிணத்துக்குள்ளை ஈரம் கூட, நீராவி கொஞ்சம் இடம் பிடிக்கும், சரி. ஆனா வெளிக்காத்திலை மீற்றரைச் சுழியம் பண்ணிப்போட்டு இறக்கினால் எங்கட வெக்கையிலை அந்த வித்தியாசம் 0.2க்குள்ளைதான் வரும். 20.7ஐ ஈரத்திலை போடலாம். 20.1ஐப் போடேலாது.

அதாலை குழுவுக்கு ஒரு சட்டம் வையுங்கோ: 20.5க்குக் கீழை போனால் அலாரம் அடிச்சாலும் அடிக்காட்டியும் ஆள் இறங்கிறேல்லை, காத்து ஊதித் திரும்ப அளக்கிறது. இது என்ரை அளவு, இன்னும் இறுக்கமா வைக்க விரும்பினால் நல்லது. காபனீரொட்சைட்டு உணரி உள்ள மீற்றர் வாங்க வசதி வந்தால் கிணத்து வேலைக்கு அதைத்தான் முதல் வாங்க வேணும்.

பதிவு வைக்கிறதின்ரை பெறுமதி எனக்கு இங்கைதான் தெரியுது. அலாரம் 19.5ஐத்தான் பாக்கும். பைலிலைதான் 20.9, 20.7, 20.4, 20.1 எண்டு படியா இறங்கினது தெரிஞ்சது.

ஊதிற கணக்கு: 10 அடி அகலம், 32 அடி ஆழம் எண்டால் ஏறக்குறைய 71 கன மீற்றர். நிமிசத்துக்கு 20 கன மீற்றர் தள்ளுற புளோவர் எண்டால் ஒரு தரம் காத்து மாற மூண்டரை நிமிசத்துக்குக் கொஞ்சம் கூட. பத்துத் தரமாவது மாற விடுங்கோ, 36 நிமிசம். புளோவர் குழாயின்ரை வாய் தண்ணியிலை இருந்து 3, 4 அடிக்குள்ளை நிக்க வேணும். மேலை வைச்சு ஊதினால் மேல்காத்துத்தான் சுத்தும், அடியிலை படுத்தது படுத்தபடி கிடக்கும். ஆள் உள்ளுக்கு நிக்கிற நேரம் முழுக்க ஓட வேணும். வேப்பங்குழை கட்டி இறக்கி ஏத்திறது காத்தைக் கலக்கும், ஆனா எவ்வளவு கலந்தது எண்டு அளந்தால்தான் தெரியும். விளக்கு இறக்கிப் பாக்கிறதை விட்டுடுங்கோ. விளக்கு அணையிறது ஒட்சிசன் 16, 17 வீதத்துக்கு வந்தாப் பிறகு. நச்சு வாயுவை அது காட்டாது, மெதேன் நிண்டால் பத்த வைக்கும்.

கிளிப்பக்கம் எழுதியது:

ரெண்டு பேருக்கும் நன்றி. சராசரியை மாத்தியாச்சு, கொம்பியூட்டர் நேரமும் கிறீன்விச்சிலைதான் நிண்டது. இன்னும் ரெண்டு விசயம். அந்த 3, 6 எண்ட காபனோரொட்சைட்டு எங்கையிருந்து? மற்றது, காலமை மீற்றரைச் சோதிக்கிற காஸ் சிலிண்டர் இங்கை கைக்கெட்டிற தூரத்திலை இல்லை. லைற்றர் காஸை அடிச்சுப் பாக்கலாம் எண்டு சொல்லுகினம், அது சரியோ?

வவுனியாப் பாறை எழுதியது:

லைற்றர் வேண்டாம் தம்பி. எரியும் வாயு உணரிக்குள்ளை சூடான சின்ன மணி ஒண்டு இருக்கு, அதிலைதான் வாயு எரியிறது. லைற்றர் காஸ் நேரை அடிச்சால் அளவு எல்லை தாண்டி அந்த மணி பழுதாகும். பிறகு மீற்றர் 0 காட்டிக்கொண்டே இருக்கும், அதுதான் ஆகக் கூடின ஆபத்து. வாகனப் புகையும் வேண்டாம். சிலிக்கன் கலந்த ஸ்பிறே, பொலிஷ் ஒண்டையும் மீற்றருக்குக் கிட்டக் கொண்டு வராதேங்கோ, சிலிக்கன் அந்த மணியைக் கொல்லும். கை கழுவுற அற்ககோல் திரவம் பூசின கையோடை பிடிச்சால் காபனோரொட்சைட்டு இலக்கம் சும்மா ஏறும். பதிவிலை காரணமில்லாமல் ஒரு ஏற்றம் தெரிஞ்சால் அதையும் யோசியுங்கோ.

சிலிண்டர் பெரும்பாலும் கொழும்பிலை இருந்துதான் எடுக்க வேண்டி வரும், ஆனா கணக்குப் பாத்தால் கட்டும். நாலு வாயுக் கலவை, 58 லீற்றர்: ஐதரசன் சல்பைட்டு 25 பிபிஎம், காபனோரொட்சைட்டு 100 பிபிஎம், மெதேன் 2.5 வீதம் (அது வெடிப்பு எல்லையின்ரை பாதி, திரையிலை 50 எண்டு வரும்), ஒட்சிசன் 18 வீதம், மிச்சம் நைதரசன். நிமிசத்துக்கு அரை லீற்றர் எண்டால் ஒரு சோதனைக்கு 45 செக்கன், 0.4 லீற்றருக்கும் குறைவு. ஒரு சிலிண்டரிலை 140 தரத்துக்கு மேலை சோதிக்கலாம். வாங்கேக்கை காலாவதித் திகதி பாருங்கோ, ஐதரசன் சல்பைட்டு சிலிண்டருக்குள்ளையே காலத்தோடை குறையும்.

பம்ப் உள்ள மீற்றருக்குச் சாதாரண அரை லீற்றர் றெகுலேற்றரை நேரை பூட்டக் கூடாது. பம்ப் இழுக்கிறது கூட, சிலிண்டர் விடுறது குறைய எண்டால் பம்ப் அலாரம் அடிக்கும், இல்லாட்டி எங்கையாவது வெளிக்காத்தை இழுத்து இலக்கம் குறையக் காட்டும். இழுக்கிற அளவுக்கு விடுற றெகுலேற்றர் எண்டு கேட்டு வாங்குங்கோ.

சிலிண்டர் வாறவரைக்கும் மூச்சு விட்டுப் பாக்கிறது ஒட்சிசன் உணரிக்கு மட்டும் சரி. மற்ற மூண்டும் உயிரோடை இருக்கோ எண்டு அதிலை தெரியாது. அதுவரைக்கும் ஆளை இறக்கிறதுக்கு அந்த மீற்றரை நம்ப வேண்டாம், பதிவு பழகிறதுக்குப் பாவியுங்கோ.

குழாய் ஒழுக்கு ஒவ்வொரு நாளும் பாக்க வேணும். மீற்றர் ஓடேக்கை குழாயின்ரை தூர நுனியைப் பெருவிரலாலை அடைச்சுப் பிடியுங்கோ. கொஞ்ச நேரத்திலை பம்ப் அலாரம் அடிக்க வேணும். அடிக்காட்டி இடையிலை எங்கையோ ஓட்டை, பெரும்பாலும் மேலை பொருத்திற இடத்திலை. அப்பிடி ஓட்டையோடை இறக்கினால் கிணத்தடியிலை என்ன இருந்தாலும் மேலை நல்ல காத்தை இழுத்து 20.9 எண்டு வடிவாக் காட்டும். மீற்றர் பக்கத்திலை அடைச்சுப் பாக்கிறதிலை பிரயோசனம் இல்லை. குழாயும் சும்மா றப்பர், சிலிக்கன் குழாய் வேண்டாம், ஐதரசன் சல்பைட்டை உறிஞ்சிப்போடும். நுனியிலை தண்ணி மறிக்கிற வடிகட்டி கட்டாயம்.

அந்த 3, 6 உங்கட பம்ப் மெசின்தான். கட்டோடை ஓடினால் புகை உள்ளுக்கு இறங்கும். சைலன்சர் கிணத்துக்கு மறுபக்கம் பாக்க, காத்துப் போற திசையிலை தள்ளி வையுங்கோ. இதோடை ஒண்டு கட்டாயம் சொல்ல வேணும். ஆவணி, புரட்டாதியிலை தண்ணி இறங்க, மேலை வைச்ச மெசின் இழுக்காது. கணக்குக்கு 10 மீற்றர் எண்டாலும் நடைமுறையிலை 7 மீற்றருக்கு மேலை உறிஞ்சாது. உடனை பலகை கட்டி மெசினைக் கிணத்துக்குள்ளை இறக்கிறது எங்கட பக்கத்திலை பரவலா நடக்குது. பெற்றோல் எண்டாலும் மண்ணெண்ணெய் எண்டாலும் ஒரு போதும் செய்யாதேங்கோ. காபனோரொட்சைட்டுக்கு மணமில்லை, உயிராபத்து எல்லை 1,200 பிபிஎம், ஒடுங்கின கிணத்திலை மெசின் அதைக் கெதியாத் தாண்டும். மெசினை நிப்பாட்டினாலும் வாயு உடனை வெளியேறாது. தண்ணி ஆழத்திலை எண்டால் கரண்டிலை ஓடுற அமிழ் பம்ப், இல்லாட்டி வாளி.

பாறையிலை வெடி வைச்சு ஆழப்படுத்தின கிணறு எண்டால் இன்னொரு வாயு வரும், நைதரசன் ஈரொட்சைட்டு. நாலு வாயு மீற்றர் அதையும் பாக்காது. உடைஞ்ச கல்லுக்குள்ளை புகை தங்கி நிக்கும், கல்லைப் புரட்டேக்கை வெளிக்கிடும். வெள்ளத்துக்குப் பிறகு குளோரின் பவுடர் போடுற கிணத்துக்கும் அதே கதை: குளோரினும் இந்த மீற்றரிலை தெரியாது. ஆள் மேலை வந்தாப் பிறகு மட்டும் போடுங்கோ.

பதிவு இடைவெளியிலை மாங்குளத்தாரோடை எனக்கு உடன்பாடு இல்லை. ஆள் உள்ளுக்கு நிக்கேக்கை ஒரு செக்கனுக்கு ஒரு வரி வைக்கலாமே? எட்டு மணித்தியாலத்துக்கு 28,800 வரி, இப்பத்தைய மீற்றர் கனக்கத் தாங்கும்.

மாங்குளத்தான் எழுதியது:

வைக்கலாம், ஆனா அதிலை கூடத் தகவல் வராது. உணரியே முழு அளவுக்கு வர 15 தொடக்கம் 30 செக்கன் எடுக்குது. செக்கனுக்கு ஒரு வரி எழுதினால் ஒரே ஏற்றத்தை இருவது வரியிலை வாசிக்கிறம், அவ்வளவுதான். உச்சப் பதிவோடை 10 செக்கன் எண்டால் ஒண்டும் தவறாது. உச்சப் பதிவு இல்லாத மொடல் எண்டால் நீங்கள் சொல்லுறது சரி, அங்கை ஒரு செக்கன் வைக்கத்தான் வேணும்.

கக்கூஸ் குழிக்கு ஒரு வித்தியாசம் இருக்கு. அங்கை முதல் ஒட்சிசனைப் பாருங்கோ, பிறகுதான் எரியும் வாயு. அந்தச் சூடான மணி எரிக்கிறதுக்கு ஒட்சிசன் வேணும். ஒட்சிசன் 10 வீதத்துக்குக் கீழை போன குழியிலை மெதேன் நிறைய நிண்டாலும் எரியும் வாயு இலக்கம் சின்னனாத்தான் வரும். பைலிலை ஒட்சிசன் 8, எரியும் வாயு 2 எண்டு ஒரு வரி இருந்தால் அந்த 2ஐ நம்ப வேண்டாம். சேத்தை ஒரு தடியாலை கிண்டிப்போட்டுத் திரும்ப அளவுங்கோ, அமைதியாக் கிடக்கிற குழி சுத்தமாக் காட்டும். அழுகின முட்டை மணம் நிண்டிட்டுது எண்டால் வாயு போட்டுது எண்டு நினைக்கக் கூடாது. ஐதரசன் சல்பைட்டு 100 பிபிஎம் அளவிலை மூக்கையே மரக்கச் செய்யும்.

ஒரு கிணத்துக்கும் அடுத்ததுக்கும் இடையிலை உச்ச இலக்கத்தை அழியுங்கோ, ஆனா மீற்றரை நிப்பாட்ட வேண்டாம். நிப்பாட்டினால் எட்டு மணி நேரச் சராசரி திரும்பச் சுழியத்திலை இருந்து தொடங்கும். மத்தியான வெயிலிலை மூடின வாகனத்துக்குள்ளையும் விடாதேங்கோ. 50 பாகைக்கு மேலை போனால் உணரிக்குள்ளை இருக்கிற திரவம் காயும்.

கிளிப்பக்கம் எழுதியது:

விளங்கீற்றுது. கடைசியா ஒண்டு: சீ.எஸ்.வி. பைலை எக்ஸெல்லிலை திறக்கத் திகதி மாறுது, 7ஆம் திகதி ஆவணி மாதம் போய் யூலை 8 எண்டு வருது. குறிப்பு எழுதின நிரல் முழுக்கக் குப்பையாத் தெரியுது.

மாங்குளத்தான் எழுதியது:

ரெட்டைக் கிளிக் பண்ணித் திறக்காதேங்கோ. வெறும் எக்ஸெல்லைத் திறந்து டேட்டா எண்ட இடத்துக்குப் போய், ரெக்ஸ்ட் பைலிலை இருந்து எடு எண்டதைக் குடுங்கோ. அங்கை திகதி நிரலுக்கு நாள், மாதம், ஆண்டு எண்ட ஒழுங்கைத் தெரியுங்கோ, எழுத்துக் குறியாக்கத்துக்கு யூ.ரி.எப். 8 தெரியுங்கோ. அதுக்குப் பிறகும் குப்பையாத் தெரிஞ்சால் குறிப்பைப் பாமினி எண்ட பழைய எழுத்துருவிலை அடிச்சிருக்கினம், அது சீ.எஸ்.வி.க்குள்ளை ஆங்கில எழுத்தாத்தான் நிக்கும். பாமினியை யூனிக்கோட்டாக்கிற மாற்றியிலை போட்டு எடுங்கோ, இல்லாட்டி யூனிக்கோட்டிலை திரும்ப அடியுங்கோ.

இதெல்லாம் பிரதியிலை செய்யுங்கோ. மீற்றரிலை இருந்து இறக்கின மூலப் பைலைத் தொடாமல் வேற போல்டரிலை வையுங்கோ. பேரை ஆண்டு, மாதம், நாள், கிணத்து இலக்கம் எண்ட ஒழுங்கிலை வைச்சால் வரிசையா நிக்கும். நேரம் பிழைச்ச அந்தப் பரந்தன் பைலுக்குப் பிரதியிலை ஐஞ்சரை மணித்தியாலம் கூட்டி, கூட்டினது எண்டு பக்கத்திலை எழுதிவிடுங்கோ.

நெடுங்கேணி எழுதியது:

அந்தக் கிணத்தைத் திரும்ப அளக்கேக்கை மெசினை நிப்பாட்டி, ஊதமுன் ஒருக்கா, ஊதினாப் பிறகு ஒருக்கா, ரெண்டு தரமும் எட்டு நிறுத்தத்தோடை அளந்து ரெண்டு பைலையும் இங்கை போடுங்கோ. ஊதி நிப்பாட்டி அரை மணித்தியாலத்துக்குப் பிறகு மூண்டாவதா ஒருக்கா அளந்தால் இன்னும் நல்லது. திரும்ப 20.1க்கு எவ்வளவு கெதியா இறங்குது எண்டு பாத்தால் மண்ணிலை இருந்து எவ்வளவு வருகுது எண்டு ஒரு கணிப்புக் கிடைக்கும். அந்த மூண்டு தரமும் ஒருத்தரும் கட்டுக்குக் கீழை இறங்க வேண்டாம், ஏதும் உள்ளுக்கு விழுந்தாலும். அப்பிடி ஆளே விழுந்தாலும் மூச்சுக் கருவி இல்லாமல் பின்னாலை இறங்காதேங்கோ: புளோவரை முழுக்க ஊத விட்டு, இடுப்புக் கயித்தாலை மேலை இழுத்து, 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அடியுங்கோ. அந்தக் கயிறு இறங்கமுன்னமே கட்டியிருக்க வேணும்.